தோல் சோபாவின் தரமறிதல்

தோல் சோபாவின் தரமறிதல் என்பது, பதனிட்ட விலங்குத் தோலால் போர்த்தப்பட்ட மெத்தை இருக்கையொன்றை வாங்குவதற்கு முன்னர், அதன் தோல், மேற்பூச்சு, சட்டகம், சுருள்வில், நுரைமெத்தை, தையல் ஆகியவற்றை ஆராய்ந்து, அது எத்தகையது, எவ்வளவு காலம் உழைக்கும் என்பவற்றை மதிப்பிடுவதைக் குறிக்கின்றது. "சோபா" என்னும் சொல், விரிப்பு விரித்த மேடையைக் குறித்த ஓர் அரபுச் சொல்லில் இருந்து தோன்றித் துருக்கி மொழி வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, அங்கிருந்து தமிழுக்கு வந்ததாகும். நம் வீட்டுத் திண்ணைக்கு இது தூரத்து உறவு எனலாம்.

கடையில் அருகருகே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு சோபாக்கள் நிறத்திலும் பளபளப்பிலும் வேறுபாடின்றிக் காணப்படலாம். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் ஒன்று பழகப் பழக மென்மையாகி நிற்க, மற்றொன்றின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து உள்ளிருக்கும் துணி வெளித்தெரியும். அவ்வாறு உரியத் தொடங்கிய சோபாவைச் செப்பனிட இயலாது. போர்வை முழுவதையும் மாற்றுவதே வழி. அதற்கான செலவு, பல வேளைகளில் சோபாவின் விலையில் பெரும்பகுதியை எட்டிவிடும். சோபா பெரும்பாலான குடும்பங்களில் சேமிப்பில் இருந்தோ தவணைக் கடனிலோ வாங்கப்படும் பொருள் என்பதால், தரம் அறிந்து வாங்குதல் இங்கே வெறும் அழகுணர்ச்சி சார்ந்த ஒன்றன்று. தவணை முடியுமுன்பே சோபா முடிந்துவிடும் நிலை அரிதானதும் அன்று.

இம்மதிப்பீட்டில் மூன்று கேள்விகள் முதன்மையானவை. இது விலங்குத் தோலின் எந்தப் படையிலிருந்து எடுக்கப்பட்டது? சோபாவின் எந்தெந்தப் பகுதிகளில் அத்தோல் உண்மையாகவே பயன்படுத்தப்பட்டுள்ளது? அதன் உள்ளே தாங்கி நிற்பது எது? இவை மூன்றும் வெளிப்பார்வைக்குத் தெரியாதவை. விற்பனையாளர் பெரிதும் எடுத்துரைக்கும் நிறம், மணம், நாட்டின் பெயர் ஆகியவை இக்கேள்விகளுக்கு விடையளிப்பதில்லை.

தோலின் படைகள்

மாடு, எருமை போன்ற பெரிய விலங்குகளின் தோலே சோபாக்களுக்குப் பயன்படுகின்றது. ஆட்டுத் தோல் மென்மையானதாயினும் அளவில் சிறியது ஆதலால் பெரும்பாலும் கையுறை, மேலாடை, காலணி என்பவற்றுக்கே செல்கின்றது. பதனிடுமுன் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கும்போது மயிரும் மெல்லிய புறத்தோலும் நீக்கப்படுகின்றன. எஞ்சும் தடித்த பகுதி கொலாசன் என்னும் புரத இழைகளால் ஆனது. இவ்விழைகள் மேற்பகுதியில் மிக நுண்ணியனவாகவும் நெருக்கமாகவும், கீழே செல்லச் செல்லப் பருத்துப் பின்னலாகவும் அமைந்துள்ளன. மயிர்க்கால் துளைகள் காணப்படும் மேற்பகுதியை மேற்படை என்றும், அதன் கீழுள்ளதை உட்படை என்றும் கொள்ளலாம். தொழிலில் உள்ளோர் மேற்படையைக் "கிரெயின்" என்றும், உட்படையை "ஸ்பிளிட்" என்றும் வழங்குகின்றனர்.

பதனிடும் நிலையில் மாட்டுத் தோலொன்றின் தடிப்பு பொதுவாக 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். எருமைத் தோல் இதனினும் தடித்தது. சோபாவுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 0.9 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிப்பே. எனவே தோல், சுழலும் பட்டைக் கத்தி பூட்டிய பொறியினால் குறுக்கே சீவப்பட்டு இரண்டு அல்லது மூன்று தகடுகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரே மாட்டில் இருந்து உயர்ந்த தோலும் தாழ்ந்த தோலும் கிடைப்பது இதனால்தான். இரண்டையும் "அசல் தோல்" என்று கூறுவது பொய்யாகாது. "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரை, அது விலங்குத் தோல் என்பதற்கு மேல் எதனையும் உறுதி செய்வதில்லை.

மேற்படையில் இருந்து எடுக்கப்படும் தோல் மேலும் இரு வகைப்படும். மேற்பரப்பைத் தேய்க்காமல், இயற்கையான துளைகளும் சுருக்கங்களும் அப்படியே இருக்க விடப்பட்டது "புல் கிரெயின்" எனப்படுகின்றது. தழும்பு, உண்ணிக் கடி, முள்வேலிக் கீறல், சூடு போட்ட தடம் முதலியவை மிகுதியாக உள்ள தோல்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, நிறமிப் பூச்சுப் பூசி, சூடான அச்சுத் தகட்டால் அழுத்தி, செயற்கையாக ஒரு தோற்றத்தைப் பதிப்பர். இது "கரெக்டட் கிரெயின்" எனப்படுகின்றது. கடைகளில் கேட்கும் "டாப் கிரெயின்" என்னும் பெயர் பெரும்பாலும் இதனையே குறித்தாலும், சிலர் முன்னதையும் இப்பெயரால் வழங்குவதுண்டு. பெயரை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், மேற்பரப்பு தேய்க்கப்பட்டதா என்று கேட்பதே தெளிவு தரும்.

புல் கிரெயின் தோலின் விலை உயர்வுக்குக் காரணம் அதன் உறுதி மட்டுமன்று. தழும்பு குறைந்த தோல்கள் அரிதாகக் கிடைப்பதும் ஆகும். பூச்சித் தொல்லை குறைந்த குளிர்நாடுகளில் வளர்க்கப்படும் மாடுகளின் தோல்கள் சோபாத் தொழிலில் பெரிதும் விரும்பப்படுவது இதனால்தான். இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் எருமைத் தோல் வலிமை வாய்ந்தது. ஆயினும் அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது என்பதால் பெரும்பாலும் தேய்த்து அச்சிடப்பட்டே பயன்படுகின்றது. நன்கு செய்யப்பட்ட இத்தகைய தோல், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மிகவும் ஏற்றது என்பதையும் குறிப்பிட வேண்டும். தேய்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு தோலைத் தாழ்ந்தது என ஒதுக்குவது சரியன்று.

உட்படைத் தோலின் நிலை வேறு. இதில் நெருக்கமான மேலிழைகள் இல்லாமையால், பாலியூரித்தேன் என்னும் பல்லுறுப்பியைப் படலமாக ஒட்டி அதன்மேல் தோலின் தோற்றத்தை அச்சிடுகின்றனர். தொடுவோர் கைக்குப் படுவது நெகிழியே. தோல் அதன் அடியில் உள்ளது. தோல் தொடர்பான கலைச்சொற்களை வரையறுக்கும் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15987, மேற்பூச்சின் சராசரித் தடிப்பு 0.15 மில்லிமீட்டருக்கு மேற்படுமாயின் அப்பொருளை வெறுமனே "தோல்" என்று அழைக்கலாகாது என்கின்றது. அது "பூச்சிட்ட தோல்" எனக் குறிக்கப்பட வேண்டும். உட்படைத் தோல் சோபாவின் பின்புறத்துக்குப் போதுமானது. அமரும் இடத்திலோ, கைப்பிடி மடிப்பிலோ இருந்தால் படலத்தில் விரைவில் வெடிப்பு விழும்.

விலங்கின் உடலில் தோல் எப்பகுதியைச் சேர்ந்தது என்பதும் முக்கியமானது. முதுகு, பிட்டப் பகுதித் தோல் இறுக்கமானது. வயிற்றுப் பகுதித் தோல் தளர்வானது. நீளும், ஆனால் முழுமையாகப் பழைய அளவுக்குத் திரும்பாது. அமரும் பகுதியில் வயிற்றுத் தோலை வெட்டிப் போட்டால் சில மாதங்களிலேயே தொய்ந்து குளம் போல் சுருக்கம் விழும். புதிய சோபாவின் இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி ஒருபக்கமாகத் தள்ளிப் பார்த்தால், தோல் தனியே அலையலையாக ஒதுங்குவது இத்தளர்வைக் காட்டிக்கொடுக்கும்.

பதனிடுதல்

1884 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகசுடசு சூல்ட்சு என்பவர் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகின் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமிய முறையிலேயே பதனிடப்படுகின்றது. இதற்கு முன்னர் மரப்பட்டை முதலிய தாவரப் பொருள்களே பெரிதும் பயன்பட்டன. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட தோல்கள் "கிழக்கிந்தியத் தோல்" என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் இன்றும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 இல் நிறுவப்பட்டது. இத்தொழிலின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை அடைந்த கேடு குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதாகும்.

பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பானது, வெயிலில் கருமையடைவது. எனவே சோபாவுக்கு மென்மை தரும் குரோமிய முறையே பெரிதும் கையாளப்படுகின்றது. முறையாகப் பதனிட்ட தோலில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். ஆறிணைதிறக் குரோமியமே ஒவ்வாமையை உண்டாக்கும். தோலுடன் தொடுகையுறும் தோற்பொருள்களில் இதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது.

"இத்தாலியத் தோல்" என்ற விளம்பரச் சொல் பற்றியும் இங்கே கூறலாம். இத்தாலியின் விச்சென்சா மாகாணத்திலுள்ள அர்சிஞ்ஞானோ நகரம் இருக்கைத் தோல் பதனிடுவதில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கு பதனிடப்படும் தோல்களில் பெரும்பகுதி வெளிநாடுகளில் இருந்து இறக்குமதியாவது. மேலும், மேற்படையைப் பதனிடும் அதே ஊரில் உட்படையும் பதனிடப்படுகின்றது. ஆகவே நாட்டின் பெயர் தோலின் படையை அறிவிப்பதாகாது.

மேற்பூச்சு வகைகள்

பதனிட்ட தோலுக்கு நிறமேற்றும் முறையைக் கொண்டு மூன்று வகைகள் கூறப்படுகின்றன. சாயத்தில் முழுவதும் ஊறி, மேலே மறைக்கும் பூச்சு ஏதுமின்றி இருப்பது அனிலின் தோல். தொடுவதற்கு மிக இதமானது. ஆனால் தண்ணீர், எண்ணெய், குழம்பு எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும், வெயிலில் வெளிறும். மெல்லிய நிறமிப் பூச்சுடன் இருப்பது அரை அனிலின் தோல். முழுமையான நிறமிப் பூச்சும் அதன்மேல் காப்புப் படலமும் உள்ளது நிறமித் தோல். பெரும்பாலான வீடுகளுக்கு வாங்கப்படுவது இம்மூன்றாவது வகையே. இருக்கைத் தோலுக்கான ஐரோப்பிய வழிகாட்டுத் தரநிலை, ஒளியைத் தாங்கும் திறனில் அனிலின் தோலிடம் குறைவாகவும், நிறமித் தோலிடம் கூடுதலாகவும் எதிர்பார்க்கின்றது. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய அனிலின் சோபா முதல் விருந்திலேயே கறைபட்டால் அது சோபாவின் குற்றமாகாது.

வகையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கடைக்காரரின் இசைவுடன், மாதிரித் துண்டின்மேல் ஒரு துளி நீரை விட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். துளி உள்ளிறங்கி அவ்விடம் கருமையடைந்தால் அது அனிலின் வகை. முத்துப்போல் நின்றால் பூச்சுள்ளது. இச்சோதனை பூச்சைப் பற்றி மட்டுமே கூறும்; ரெக்சினிலும் நீர் முத்துப்போலவே நிற்கும் என்பதால், தோலா அல்லவா என்பதை இதனால் முடிவுசெய்ய இயலாது.

ரெக்சினும் ஒட்டுத்தோலும்

தமிழ்நாட்டில் செயற்கைத் தோல் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்ட "ரெக்சின்", முதலில் இங்கிலாந்தில் மான்செசுடர் அருகேயுள்ள ஐடு என்னும் ஊரில் செய்யப்பட்ட ஒரு பொருளின் வணிகப் பெயராகும். துணியின்மேல் செல்லுலோசு நைத்திரேற்றைப் பூசி அது ஆக்கப்பட்டது. இன்று அப்பெயரில் விற்பவை பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசிய துணிகளே. "லெதரெட்" என்பதும், அண்மைக் காலத்து "வீகன் லெதர்" என்னும் பெயரில் விற்பவற்றுள் பலவும் இவையே. ரெக்சின் என்று சொல்லி ரெக்சின் விலைக்கு விற்கப்படும் சோபாவில் ஏமாற்று ஏதுமில்லை. தடித்த பிவிசி ரெக்சின், மலிவான உட்படைத் தோலைவிட நீண்டகாலம் உழைப்பதும் உண்டு.

சிக்கல் தருவது "பாண்டட் லெதர்" எனப்படும் ஒட்டுத்தோலே. தோல் வெட்டும்போது மிஞ்சும் துகள்களை அரைத்துப் பிசினுடன் கலந்து, துணி அல்லது தாள்மீது பரப்பி, மேலே பாலியூரித்தேன் படலம் ஒட்டி இது செய்யப்படுகின்றது. மரத்தூளை ஒட்டிச் செய்யும் பலகைக்கும் தேக்கு மரத்துக்கும் உள்ள உறவே இதற்கும் தோலுக்கும் உள்ளது. இதில் தோல் துகள் இருப்பதால் தோலின் மணமும் இருக்கும். பெயரிலும் "லெதர்" இருக்கும். கொலாசன் இழைகளின் தொடர்ச்சியான பின்னல்தான் இருக்காது. தோலுக்கு வலிமை தருவதோ அப்பின்னலே.

ஒட்டுத்தோலும் மலிவான பாலியூரித்தேன் துணிகளும் உரிவதற்கு வேதியியல் காரணம் உண்டு. பாலியெசுத்தர் வகைப் பாலியூரித்தேனின் பிணைப்புகள் நீராவியால் மெதுவாக அறுபடுகின்றன. இது நீராற்பகுப்பு எனப்படுகின்றது. வெப்பமும் ஈரப்பதமும் கூடுமிடத்து இது விரைவுபடும். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோரப் புழுக்க நகரங்களில் இச்சோபாக்கள் குளிர்நாடுகளில் இருப்பதிலும் விரைவில் உரிவது இதனாலேயே. பயன்படுத்தாமல் மூடி வைத்தாலும் இது நிற்பதில்லை. விருந்தினருக்கென்று போர்த்தி வைத்த சோபா, போர்வையை எடுக்கும்போது உரிந்திருக்கக் காண்போர் பலர்.

சோபாவில் தோல் எங்கே உள்ளது

மாட்டின் முழுத்தோல் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அடி. மூவர் அமரும் சோபாவொன்றை முழுவதும் போர்த்தப் பல முழுத்தோல்கள் தேவைப்படும். எனவே செலவைக் குறைக்க, உடல் படும் பகுதிகளான இருக்கை, சாய்வு, கைப்பிடியின் மேற்புறம் ஆகியவற்றில் மட்டும் மேற்படைத் தோலையும், பக்கங்களிலும் பின்புறத்திலும் உட்படைத் தோலையோ நிறம் பொருந்திய ரெக்சினையோ இடுவது இத்தொழிலில் பொதுவான வழக்கம். இது "லெதர் மேட்ச்" எனப்படும். வெளிப்படையாகச் சொல்லி விலையைக் குறைத்தால் இது குறைகூறத்தக்கதன்று. சுவரோரம் நிற்கும் சோபாவின் முதுகுக்கு உயர்ந்த தோல் எதற்கு? ஆயினும் தோலும் ரெக்சினும் ஒரேவிதமாக முதுமை அடைவதில்லை. சாளரத்தருகே வைத்தால் சில ஆண்டுகளில் நிறம் இரண்டுபடும்.

ஆகவே "இது தோலா?" என்று கேட்பதைவிட, இருக்கை, அதன் அடிப்புறம், கைப்பிடியின் உட்பக்கம், வெளிப்பக்கம், பின்புறம் என ஒவ்வொரு பகுதியையும் தொட்டுக்காட்டி "இது எது?" என்று கேட்பதே பயன் தரும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

பலரும் நம்பும் மணச் சோதனைக்கு மதிப்பு இல்லை. தோல் மணமூட்டிகள் விற்கப்படுகின்றன; ஒட்டுத்தோலுக்கும் அம்மணம் உண்டு. தீயிட்டுப் பார்க்கும் சோதனை சில காணொளிகளில் காட்டப்படுகின்றது. பிறர் கடைப் பொருளில் அதைச் செய்ய இயலாது. பூச்சுள்ள அசல் தோலும் தீயில் நெகிழிபோல் உருகிக் கருகலாம் என்பதால் முடிவும் நம்பத்தக்கதன்று.

எல்லாவற்றினும் உறுதியானது வெட்டு விளிம்பைக் காண்பதாகும். மெத்தையின் "ஜிப்"பைத் திறந்தால், தையலின் உட்புறத்தில் தோலின் வெட்டிய ஓரமும் பின்பக்கமும் தெரியும். அசல் தோலின் பின்பக்கம் மெல்லிய பஞ்சு இழைகளாக, சீரற்றதாக இருக்கும்; நகத்தால் சுரண்டினால் இழை எழும். செயற்கைத் தோலில் நெய்த அல்லது பின்னிய துணி தெரியும். ஒட்டுத்தோலில் பின்பக்கத்தில் துணியோ, சாணித்தாள் போன்ற சீரான படையோ காணப்படும். விளிம்பை வில்லை கொண்டு நோக்கினால், மேற்படைத் தோலில் மேற்பூச்சு மிக மெல்லிய கோடாகவும், உட்படைத் தோலில் தனியொரு தகடு போலவும் இருக்கும். ஜிப் இல்லாத சோபாவாயின், அடியில் ஆணியடித்த கருந்துணியின் ஓரத்தை விலக்கிப் பார்க்கலாம். கடைக்காரர் மறுத்தால், அதே தோலின் வெட்டிய மாதிரித் துண்டைக் கேட்க வேண்டும். அதையும் தர மறுப்பாராயின் வேறு கடையைத் தேடுவதே நல்லது.

மேற்பரப்பில் உள்ள துளைகளின் ஒழுங்கையும் நோக்கலாம். இயற்கைத் தோலில் ஓரிடம் போல் மற்றோரிடம் இராது. அச்சிட்டதில், ஒரே கோலம் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் வரும். கட்டைவிரலால் அழுத்தும்போது விரலைச் சுற்றிக் கதிர்போல் சுருக்கம் பரவுவது தோலின் அடையாளம் என்பர். இக்காலச் செயற்கைத் தோல்கள் இதனையும் செய்துகாட்டுகின்றன.

உலர்ந்த வெள்ளைத் துணியால் இருபது முறையும், பின்னர் ஈரத்துணியால் இருபது முறையும் தேய்த்துப் பார்ப்பது, நிறம் பற்றிய சோதனையாகும். துணியில் நிறம் ஏறினால், வீட்டில் வெள்ளை வேட்டியிலும் ஏறும். தோலை உள்நோக்கி மடித்து மடிப்பை உற்றுநோக்குவதும் வேண்டும். நிறம் சற்று வெளிறிப் பின் பழைய நிலைக்கு வருவது இயல்பு. நுண்ணிய வெடிப்புக் கோடுகள் தோன்றுவது பூச்சின் குறை. ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே தோலை ஆயிரக்கணக்கான முறை மடித்து விரிக்கும் பொறிகள் உள்ளன. நிறுவனத்திடம் அத்தகைய அறிக்கை இருப்பின் கேட்டுப் பெறலாம்.

சட்டகமும் சுருள்வில்லும்

தோல் எவ்வளவு உயர்ந்ததாயினும், சட்டகம் ஆடத் தொடங்கினால் சோபா முடிந்தது. ஈரம் நீங்க உலர்த்திய தேக்கு, சால் முதலிய கடின மரங்களும், நல்ல பிளைவுட்டும் சட்டகத்துக்கு ஏற்றவை. பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது மூட்டுகள் தளரும், கிரீச்சிடும். மரத்தூள் பலகையில் ஆணியும் திருகும் பிடிப்பிழந்துவிடும். மூட்டுகளில் பசையுடன் மரமுளையோ திருகோ இருத்தலும், மூலைகளில் முக்கோணக் கட்டைகள் இருத்தலும் நல்ல வேலைக்கு அடையாளம். ஸ்டேப்ளர் முள் மட்டும் போதாது.

முன்பக்கக் கால் ஒன்றைப் பிடித்துத் தரையில் இருந்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தினால், உறுதியான சட்டகத்தில் மற்ற முன்காலும் உடன் எழும்பும். அது தரையிலேயே நின்று சட்டகம் முறுக்கிக்கொண்டால் மூட்டுகளில் வலுவில்லை. பளு அதிகமாக இருத்தல் தானே நற்சான்று ஆகாது என்றாலும், மூவர் சோபாவை ஒருவர் எளிதாகத் தூக்க முடிவது ஐயத்துக்குரியது.

இருக்கையின் கீழே பாம்புபோல் வளைந்த கம்பிச் சுருள்வில்களோ, இறுகப் பின்னிய மீள்பட்டைகளோ இருக்கும். தனித்தனிக் கூம்புச் சுருள்களை எட்டுத் திசைகளில் கயிற்றால் கட்டும் பழைய முறை இன்று அரிது; அதற்கு நேரமும் கைத்திறனும் மிகுதியாக வேண்டும். கம்பிகளுக்கு இடையே அதிக இடைவெளி இருந்தால், நடுவில் அமர்வோர் பள்ளத்தில் இறங்குவர். சோபாவின் இரு ஓரங்களிலும் நடுவிலும் மாறி மாறி அமர்ந்து பார்ப்பது இதற்காகவே. கால்நீட்டி சாயும் "ரிக்ளைனர்" வகைகளில், அதன் இரும்புப் பொறிக்குத் தனியே உத்தரவாதம் உள்ளதா என்று அறிய வேண்டும்.

நுரைமெத்தை

தென்னை நாரும் இலவம் பஞ்சும் இருந்த இடத்தில் இன்று பாலியூரித்தேன் நுரையே உள்ளது. கடைகளில் "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்று கூறப்படுவது ஒரு கனமீட்டர் நுரையின் நிறையைக் கிலோகிராமில் குறிக்கும் அடர்த்தியாகும். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி குறைந்த நுரையையும் கடினமாகச் செய்யலாம். கடையில் அமரும்போது அது உறுதியாகவே தோன்றும், ஓராண்டில் அமுங்கிவிடும். அன்றாடம் பயன்படும் இருக்கைக்கு 32 க்குக் குறையாத அடர்த்தி வேண்டும். 40 மேலும் சிறந்தது. சாய்வுக்கு இதனிலும் குறைவாக இருக்கலாம்.

கடைக்காரரின் சொல்லைச் சரிபார்க்கப் பள்ளிக் கணக்கே போதும். 60 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 15 செ.மீ. தடிப்பும் கொண்ட மெத்தையின் கனஅளவு 0.6 × 0.6 × 0.15 = 0.054 கனமீட்டர். அடர்த்தி 40 ஆயின் நுரையின் நிறை 2.16 கிலோ இருக்க வேண்டும். 32 ஆயின் ஏறத்தாழ 1.73 கிலோ. நுரையை வெளியே எடுத்து நிறுத்துப் பார்த்து ஒரு கிலோவுக்குள் நின்றால், அடர்த்தி 18 அளவே. மேலே ஓர் அங்குலம் மட்டும் அடர்ந்த நுரையையும் கீழே மலிவான நுரையையும் ஒட்டி வைப்பதும் வழக்கம் ஆதலால், ஓரத்தில் நிறம் மாறும் ஒட்டுக் கோடு உள்ளதா என்றும் நோக்க வேண்டும்.

தையல்

தோலில் ஊசி குத்திய துளை மூடாது. துணியில் போல நெருக்கமாகத் தைத்தால், அத்தையல் வரிசை அஞ்சல்தலைத் தாளின் துளை வரிசை போலாகிக் கிழிசலுக்கு வழிவகுக்கும். எனவே சற்று இடைவெளி விட்ட, நேரான தையலே நல்லது. நூல் நைலான் அல்லது பாலியெசுத்தராக இருக்க வேண்டும். பருத்தி நூல் தோலுக்குள் நாளடைவில் நைந்துபோகும். தையலின் இருபுறமும் கைகளால் இழுத்துப் பார்க்கும்போது துளைகள் வாய் திறப்பது குறைபாடாகும்.

தட்பவெப்பமும் பயன்பாடும்

வெயில், எண்ணெய், பூஞ்சணம் ஆகிய மூன்றும் வெப்பநாடுகளில் தோலுக்குப் பகை. தலை சாயும் இடத்திலும் கைப்பிடியிலும்தான் பெரும்பாலான சோபாக்கள் முதலில் கெடுகின்றன. தலையில் தேய்க்கும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் பூச்சை மெல்ல மென்மையாக்கி ஒட்டும் தன்மைக்குக் கொண்டுவருவதே காரணம். நாளும் எண்ணெய் தேய்க்கும் வீட்டில் அனிலின் தோலைவிட நிறமித் தோலும், தலைப்பகுதியில் கழற்றித் துவைக்கத்தக்க துணி விரிப்பும் பொருத்தமானவை. மழைக்காலத்தில் காற்றோட்டமற்ற அறையில் சுவரோடு ஒட்டிவைத்த சோபாவின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு கையளவு இடைவெளி விட்டால் போதும்.

நலக்கேடு விளைவித்த சோபாக்கள்

பூஞ்சணத்தைத் தடுக்கும் முயற்சியே பெருந்தீங்காக முடிந்த நிகழ்வொன்று உண்டு. 2006 முதல் 2008 வரையான காலத்தில் சீனாவில் செய்யப்பட்டு ஐரோப்பாவில் விற்கப்பட்ட சில சோபாக்களில், கப்பல் பயணத்தில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க இருமெத்தில் பியூமரேற்று என்னும் வேதிப்பொருள் அடங்கிய சிறு பொட்டலங்கள் வைக்கப்பட்டிருந்தன. அமர்வோரின் உடற்சூட்டில் அது ஆவியாகித் தோலையும் உடையையும் ஊடுருவியது. ஐக்கிய இராச்சியம், பின்லாந்து, பிரான்சு முதலிய நாடுகளில் பலருக்கு முதுகிலும் தொடையிலும் தீக்காயம் போன்ற புண்கள் உண்டாயின. நெடுநாள் வரை காரணம் புரியவில்லை. பின்லாந்து மருத்துவ ஆய்வொன்று 2008 இல் இப்பொருளை அடையாளம் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 மே 1 முதல், கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது கலந்த பொருள்களின் விற்பனையைத் தடைசெய்து, 2012 இல் தடையை நிலையானதாக்கியது. ஐக்கிய இராச்சியத்தில் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் 2010 இல் 2 கோடி பவுண்டு வரையான இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. புதிய சோபாவின் உள்ளே பெயரிடாத பொட்டலங்கள் இருப்பின் அகற்றுவது நன்று. சிலிக்கா செல் பொட்டலங்கள் இவற்றினின்றும் வேறானவை. அவை ஈரத்தை மட்டும் உறிஞ்சும்.

விலைச்சீட்டும் சட்டமும்

வாய்மொழியாகக் கூறப்பட்ட தரத்தைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். ஆகவே தோலின் படை, எப்பகுதிகளில் தோல், எப்பகுதிகளில் வேறு பொருள், நுரையின் அடர்த்தி, சட்டக மரத்தின் பெயர் ஆகியவற்றை விலைச்சீட்டிலேயே எழுதச் செய்ய வேண்டும். உத்தரவாதச் சீட்டைப் படிக்கும்போது, "சட்டகத்துக்கு 5 ஆண்டு" என்று பெரிய எழுத்திலும், தோல் உரிதல் அதில் அடங்காது என்று சிறிய எழுத்திலும் இருப்பதைக் காணலாம். உரிதலே முதலில் நிகழ்வது என்பதால் அச்சிறிய எழுத்தே முக்கியமானது.

பொருளின் தரம் அல்லது வகை பற்றிப் பொய்யாகக் கூறி விற்பது இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறையாகும். முறையீட்டுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். இரு நாடுகளிலும், எழுத்தில் "மேற்படைத் தோல்" என்றிருந்து ஆய்வில் ஒட்டுத்தோல் எனத் தெரியவருமாயின் முறையீடு வலுப்பெறும். "லெதர் சோபா" என்று மட்டும் எழுதியிருந்தால் வாதாடுவதற்கு அதிகம் இராது. கடையில் பெற்ற மாதிரித் துண்டை விலைச்சீட்டுடன் இணைத்து வைத்திருப்பது அந்நிலையில் உதவும்.